பேரிங் வைத்த வீல் ஸ்டட் இன்ஸ்டாலர்: வாங்கலாமா, வாஷரே போதுமா?

காரின் ஹப்பில் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) நீட்டி நின்று வீல் நட்டைத் தாங்கும் மரைத் தண்டுதான் ஸ்டட்; புது ஸ்டட்டை ஹப்புக்குள் இழுத்து உட்கார வைப்பது இன்ஸ்டாலர். ஒரு சக்கரத்தில் ஒரே ஒரு ஸ்டட்தான் மரை போயிருக்கிறது என்றால் இந்தக் கருவிக்குச் செலவு செய்ய வேண்டாம். கிரீஸ் தடவிய நாலைந்து கனமான வாஷரும், பிறகு தூக்கிப் போடத் தயங்காத ஒரு நட்டும் அதே வேலையை முடித்துவிடும். சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுவது, அல்லது இரண்டு சக்கரத்துக்குச் சேர்த்துச் செய்வது என்றால் கணக்கு வேறு. அப்போது இது கொடுத்த காசுக்கு உழைக்கும். ஆனால் விற்பவர்கள் சொல்கிற காரணத்துக்காக அல்ல.

முதலிலேயே ஒன்று: ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு இந்த விமர்சனம் தேவைப்படாது. அவற்றில் ஹப்பிலேயே மரை இருக்கும், போல்ட்டைத்தான் திருகுகிறோம். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா போல ஹப்பில் ஸ்டட் நீட்டிக்கொண்டு நிற்கும் கார்களுக்குத்தான் இந்தக் கருவி.

பார்க்க ஒரு தடித்த இரும்பு வளையம்; அதற்குள் ஒரு திரஸ்ட் பேரிங், அதாவது மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே சுற்றும் பேரிங். ஸ்டட்டை ஹப்பின் பின்பக்கமிருந்து நுழைத்து, முன்பக்கம் நீட்டும் மரையின் மேல் இந்த வளையத்தை மாட்டி, அதற்கு மேல் நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். நட்டு வளையத்தை அழுத்தும், வளையம் ஹப் முகத்தில் ஊன்றி நிற்கும், ஸ்டட் இழுபட்டு அதன் கழுத்திலுள்ள பல் (சுற்றிலும் வெட்டிய மேடு பள்ள வரிகள்) ஹப் ஓட்டைக்குள் ஏறி உட்காரும். அமெரிக்காவின் லைல் நிறுவனத்துடைய 22800 இந்த வகையில் பெயர் பெற்றது. அதே வடிவத்தில் பெயரில்லாத சரக்கும் ஆன்லைனில் நிறைய உண்டு. இங்கே சொல்வது அந்த வடிவம் முழுவதற்கும் பொருந்தும்.

பேரிங்கால் என்ன லாபம்? சாதாரணமாக ஒரு நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, நட்டின் முகம் உராய்வதிலேயே கரைந்துவிடுகிறது. சுமார் 40 சதவீதம் மரைக்கு மரை உராய்வதில் போகிறது. இழுவையாக மாறுவது மிச்சமுள்ள 10 சதவீதம்தான். பேரிங் அந்த முதல் பாதியை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதனால் கைப்பிடியில் பாதி பலம் போட்டாலே ஸ்டட் ஏறும்.

‘மரையைக் காப்பாற்றும்’ என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நட்டு முகத்தின் உராய்வு வாஷர் வழியாக ஹப்புக்குப் போகிற சுமை. ஸ்டட்டின் மரைக்கு அதில் பங்கில்லை. பேரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இழுவைக்கு மரை தாங்குவது ஒரே சுமைதான். மரையைக் காப்பாற்றுவது ஒரு சொட்டு எஞ்சின் ஆயில். உள்ளே இழுக்கும்போது மட்டும் விட்டு, சக்கரம் மாட்டுவதற்கு முன் பிரேக் கிளீனரால் துடைத்துவிட வேண்டும்.

உண்மையான லாபம் கைக்குத் தெரியும் பதம். வாஷர் அடுக்கி இழுக்கும்போது, ஸ்டட் தலை ஹப்பில் போய் உட்கார்ந்ததா, வாஷர் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் ஸ்பானர் ஒரே மாதிரிதான் இறுகும். பேரிங்கில் அப்படியில்லை. ஏறும் வரை ஒரே சீரான கனம். தலை முட்டியவுடன் சட்டென்று நின்றுவிடும். அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டட்தான் இந்த வேலையில் மிக மோசமான தவறு என்பதால், இந்த ஒரு காரணத்துக்கே கருவிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

இனி குறைகள். ஸ்டட் நீளத்தைப் பார்க்காமல் வாங்கினால் கருவி பெட்டியிலேயே கிடக்கும். பல் இன்னும் உள்ளே ஏறாத நிலையில் ஸ்டட் முழுதாக வெளியே நீட்டியிருக்காது. பல்லின் நீளம் அளவுக்குப் பின்தங்கி நிற்கும். அந்த நிலையில் ஹப் முகத்திலிருந்து ஸ்டட் முனை வரை எவ்வளவு என்று வெர்னியரில் அளந்து, கருவியின் உயரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நட்டுக்குக் கிடைக்கும் மரை. எம்12 (12 மி.மீ. விட்ட) ஸ்டட்டில் அது 9 மி.மீ.யாவது இருக்க வேண்டும், 1.5 பிட்ச் (மரை வரிகளுக்கு நடுவே 1.5 மி.மீ.) என்றால் ஆறு முழுச் சுற்று. மூன்று சுற்றுப் பிடியை நம்பி இழுத்தால் புது ஸ்டட்டின் நுனி மரை உரிந்து கையோடு வரும். சிறு கார்களின் குட்டை ஸ்டட்டில் உயரமான இன்ஸ்டாலர் சரிப்படாமல் போவது இதனால்தான். அங்கே இரண்டு வாஷர் வைத்து முதல் சில மில்லிமீட்டரை இழுத்துவிட்டு, பிறகு கருவியை மாட்டலாம். விலை கொடுத்து வாங்கிய பிறகும் வாஷரைத் தேட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் நியாயமானதே.

அடுத்தது நட்டு. கருவியோடு பெரும்பாலும் நட்டு வராது. மூடிபோட்ட நட்டு இதற்கு உதவாது. ஸ்டட் நுனி உள்ளே முட்டி நின்றுவிடும். இரண்டு பக்கமும் திறந்த நட்டு ஒன்று தனியாக வாங்குங்கள். கூம்பு முகத்தை வெளியே விட்டு, தட்டையான முகம் பேரிங் பக்கம் வரும்படி திருப்பிப் போட வேண்டும். வேலை முடிந்த பின் அந்த நட்டைச் சக்கரத்தில் மாட்டக் கூடாது. பெயின்ட் பூசி கருவியோடு வைத்துவிட்டால் குழப்பம் வராது.

பேரிங்கின் தரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. எம்12 மரையில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஏறத்தாழ 4 டன் இழுவை கொடுக்கும் என்பது பொதுவான கணக்கு. ஸ்டட் ஏற அவ்வளவு தேவைப்படாவிட்டாலும் டன் கணக்கில்தான் பேசுகிறோம். சிறு குண்டுகள் வைத்த மலிவான பேரிங்கில் சில ஸ்டட்டுக்குள் ஓடுபாதையில் குழி விழுந்து, சுற்றும்போது கரகரக்கத் தொடங்கும். ஊசி ரோலர் வைத்தது இதைவிட நன்றாகத் தாங்கும். வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி அதை மட்டும் பாருங்கள். மேலே மின்னுகிற முலாமில் ஒன்றும் இல்லை. மணல் ஒட்டிய கருவியை அப்படியே மாட்டாமல், துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைத்துக்கொள்வது நல்லது.

நட்டை அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன்னில் ஓட்டலாம் என்றுதான் இந்த வகைக் கருவிகளை விற்கிறார்கள். ஓட்டலாம், கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தலை முட்டிய அந்த நொடியைக் கன் உங்களுக்குச் சொல்லாது. இன்னும் இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் புது ஸ்டட் நீட்சி எல்லையைத் தாண்டி, திரும்பாதபடி நீண்டுவிடும். பல கார்களில் ஸ்டட் மாற்ற வேண்டி வருவதே டயர் கடையில் நட்டை முதலில் கையால் ஏற்றாமல் கன்னில் நேரடியாக ஓட்டியதால்தான். அதே முறையில் புது ஸ்டட்டையும் ஏற்றுவதில் அர்த்தமில்லை. நீளமான கைப்பிடியுள்ள ராட்செட் போதும்.

கருவியைவிட முக்கியம் எந்த ஸ்டட் வாங்குகிறீர்கள் என்பது. பட்டறைகளில் அதிகம் கோட்டை விடுவதும் இதில்தான். ‘எம்12 வீல் போல்ட்டு’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். நாலு அளவு தேவை. பிட்ச்: மாருதி சுசூகியில் 1.25, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் 1.5. இவை இரண்டும் இரண்டு மூன்று சுற்று வரை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுபோல் ஏறி, பிறகு கடித்துக்கொள்ளும். ஸ்டட் கெட்டதற்கே இது காரணமாக இருந்திருக்கலாம் என்பதால் பழைய நட்டுகளையும் ஒரு முறை பிட்ச் கேஜில் வைத்துப் பாருங்கள். அடுத்தது பல்லின் வெளிவட்டம். ஒரே எம்12 மரையுள்ள ஸ்டட்டிலேயே பல் வட்டம் 12.3, 12.9, 14.3 மி.மீ. என்று காருக்குக் கார் மாறும். சிறியதை வாங்கினால் நட்டு இறுக்கும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றும். பெரியதை இழுத்தால் ஹப் விரிசல் விடும் அல்லது ஸ்டட் பாதியில் நிற்கும். மூன்றாவது மொத்த நீளம். நாலாவது பல் பகுதியின் நீளம். அது ஹப் தட்டின் கனத்தைவிட அதிகமாக இருந்தால் மறுபக்கம் துருத்திக்கொண்டு வந்து பிரேக் டிஸ்க்கைச் சரியாக உட்கார விடாது. தலையில் 10.9 என்ற பலக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காரின் சேஸி நம்பரைக் கொடுத்து, கம்பெனி பார்ட் நம்பரில் வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி. சிறு கார் ஸ்டட் ஒன்று பெரும்பாலும் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய ஹப் வாங்கலாம், பழைய ஸ்டட் வாங்காதீர்கள். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

எத்தனை மாற்றுவது? ஒன்றில் மரை மட்டும் போயிருந்தால் அந்த ஒன்று. ஒன்று ஒடிந்திருந்தால், அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிய பக்கத்து ஸ்டட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு ஒடிந்திருந்தாலோ, நட்டு லூசாகி வண்டி ஓடியிருந்தாலோ அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டும் போக வேண்டும். ரிம் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கின்றனவா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். வெளியில் நன்றாகத் தெரியும் ஸ்டட்டில் புது நட்டு ஒன்றைக் கையால் ஓட்டிப் பாருங்கள். நுனியில் சுலபமாக ஓடி நடுவில் இறுகினால் அந்த இடத்தில் ஸ்டட் நீண்டு பிட்ச் மாறியிருக்கிறது. மரை வெட்டும் டை போட்டுச் சீவினால் நட்டு ஓடும், பலம் திரும்பி வராது.

இன்ஸ்டாலரால் பழைய ஸ்டட்டை எடுக்க முடியாது. அது இழுக்கும் கருவி, தள்ளும் கருவி அல்ல. எடுப்பதற்கு முந்தைய வேலைகள் தெரிந்தவைதான்: சமதளம், எதிர்ச் சக்கரங்களுக்கு முட்டு, தரையில் இருக்கும்போதே நட்டுகளை லூஸ் செய்வது, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஜாக் ஸ்டாண்டு. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைப் பிராக்கெட்டோடு கழற்றி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. ஹோண்டா கார்களில் டிஸ்க்கை இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ பிடித்திருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவரில் தலை வழுக்கிவிடும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் 3-ஆம் நம்பர் பிட்டும் வேண்டும்.

டிஸ்க் வந்ததும் ஹப்பைச் சுற்றிப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். ஸ்டட் முழுதாகப் பின்னால் வெளியேற, ஹப்பைத் தாங்கும் நக்கிளில் ஓர் இடைவெளி எங்காவது இருக்கிறதா? இதைக் கருவி வாங்குவதற்கு முன்பே பார்ப்பது உத்தமம். இடைவெளி இல்லாவிட்டால் ஹப்பையே நக்கிளிலிருந்து பிரஸ்ஸில் எடுக்க வேண்டும். எடுத்தால் வீல் பேரிங் பெரும்பாலும் கெட்டுவிடும், புதிது போட வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. பழைய ஸ்டட்டின் மரையை வெட்டிக் குட்டையாக்கி எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். புதியதை எப்படி நுழைப்பீர்கள்? நீளம் அதேதானே. பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ வழியை மறைக்கும், ஒரு பக்க ஷூவைக் கழற்றினால் இடம் கிடைக்கலாம். டிரம்மும் ஹப்பும் ஒன்றாக வார்த்த சிறு கார்களில் இது இன்னும் சுலபம்: மொத்தத்தையும் கழற்றி மேஜைமேல் வைத்தே வேலையை முடிக்கலாம். கழற்றும்போது உளி வைத்து மடக்கிய நடு நட்டுக்குப் பதில் புதிது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி இருந்தால் ஸ்டட்டை அதற்கு நேராகக் கொண்டுவந்து, நுனியில் பித்தளைத் தண்டு வைத்து ஒன்றரைக் கிலோ சுத்தியலால் ஓங்கி ஒரே அடி, இரண்டு அடி. சின்னச் சுத்தியலால் இருபது தட்டு தட்டுவது ஸ்டட்டை நகர்த்தாது, வீல் பேரிங்கின் ஓடுபாதையில்தான் குழி போடும். கனத்த அடியும் பேரிங்குக்கு நல்லதல்ல. ஆக நல்லது ‘சி’ வடிவ பால் ஜாயின்ட் பிரஸ். திருகினால் அமைதியாக ஸ்டட் பின்னால் போய்விடும். ஒரு கருவிக்குத்தான் பட்ஜெட் என்றால், இன்ஸ்டாலரைவிட இந்த ‘சி’ பிரஸ்ஸை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இழுப்பதற்கு வாஷர் இருக்கிறது; அடிக்காமல் எடுப்பதற்கு மாற்று கிடையாது. பின்பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புது ஸ்டட்டை நுழைக்கும்போது விரலால் மெல்லச் சுற்றினால், பழைய பல் விட்டுப்போன பள்ளங்களில் புதுப் பல் விழுவது தெரியும். அப்படியே பிடித்துக்கொண்டு கருவியை மாட்டுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சுருங்கி எளிதாக ஏறும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 12.9 மி.மீ. இரும்பு 50 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.008 மி.மீ.தான், முடியின் கனத்தில் பத்தில் ஒன்று. மீன் வைக்கும் பெட்டியில் ஸ்டட்டுக்கு இடம் தேடாதீர்கள்.

இறுக்கும்போது ஹப் கூடவே சுற்றும். காலிப்பர் இல்லாததால் பிரேக்கும் பிடிக்காது. மற்ற இரண்டு ஸ்டட்டில் நட்டு போட்டு, மரையில் படாமல் அவற்றுக்கு நடுவே ஒரு நீளக் கம்பியை நுழைத்துத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். சீராக இழுத்து வந்து, சட்டென்று நின்றதும் நிறுத்துங்கள். கருவியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள்: ஸ்டட் தலை ஹப்பில் சுற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும், 0.05 மி.மீ. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் நுழைந்தால் ஸ்டட் சாய்ந்து ஏறியிருக்கிறது. இன்னும் இறுக்கி நேராக்கப் பார்க்காமல் வெளியே எடுத்து வேறு புதியதைப் போடுங்கள்.

இழுக்கும்போது ஸ்டட் சுற்றிக்கொண்டே இருந்தால் ஹப் ஓட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். இதற்கு எந்த இன்ஸ்டாலரும் மருந்தில்லை. தலையை ஹப்போடு வெல்டிங் வைத்துக் கொடுக்கிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. வெல்டிங் சூட்டில் 10.9 ஸ்டட்டின் பதம் போய், வெல்டிங் ஓரத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒடியும்போது முன்னறிவிப்பு இருக்காது. ஹப்பை மாற்றுங்கள்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்: வாஷர் முறைக்கு ஒரு ஸ்டட்டுக்கு ஒரு முறை கிரீஸ் புதுப்பிக்க வேண்டும், வாஷர் மெலிதாக இருந்தால் கிண்ணம்போல் வளைந்து ஹப் முகத்தைக் கீறும். பின்பக்கமிருந்து சுத்தியலால் அடித்து ஏற்றுவது ஹப் மேஜைமேல் இருக்கும்போதுகூட வேண்டாம், நேராக ஏறாது. ஹைட்ராலிக் பிரஸ் எல்லாவற்றிலும் சுத்தமானது, ஆனால் ஹப் கையில் இருந்தால்தான். டிஸ்க்கையும் ரிம்மையும் மாட்டி, வீல் நட்டாலேயே ஸ்டட்டை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அலாய் ரிம்மின் கூம்புக் குழியைக் கெடுத்துக்கொள்வார்கள்.

கடைசி இறுக்கம் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில்தான். மரை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் அதே முறுக்குக்கு ஸ்டட் வெகுவாக அதிகம் இழுபடும். ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டா கார்களுக்குப் பெரும்பாலும் 103, சுசூகி சிறு கார்களுக்கு மாடலைப் பொறுத்து 85 அல்லது 100. உங்கள் காரின் கையேடு சொல்வதே கணக்கு. நட்டின் முகமும் ரிம்மும் பொருந்த வேண்டும். ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை முக நட்டு, வெளியில் வாங்கிய அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. மாற்றிப் போட்டால் ஒரு வளையக் கோட்டில் மட்டுமே பிடிக்கும், ஓடும்போது லூசாகும்.

நட்சத்திர வரிசையில், முதலில் பாதி முறுக்கு, பிறகு முழு முறுக்கு. 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அப்போது நட்டு கொஞ்சம் நகர்வது சகஜம். இன்னொரு 100 கிலோமீட்டர் கழித்தும் அதே நட்டு நகர்ந்தால் இறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஸ்டட் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் ஃபீலர் தகடு வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.